பம்ப்புக்கு வைத்த பொட்டு

நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியும், பஸ் போர்டில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் இல்லை. அதனால், இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு காகிதத்தை மேனேஜர் என் பக்கம் தள்ளி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னபோது, யாராவது படித்துச் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அதைத் திமிர் என்று சொன்னார்கள். சொல்லட்டும்.

எங்கள் வீடு செம்பாக்கத்தில், ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி. தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் பதினொரு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். முதுகு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு கான்ட்ராக்ட்காரர் மூலமாக இந்த மீன் காட்சிசாலையில் துப்புரவு வேலை கிடைத்தது. அக்வேரியம் என்றுதான் நாங்கள் சொல்வோம். வேளச்சேரி போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடல்தண்ணீரை டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊற்றி, மீன் வளர்க்கிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. போகப் போக மரியாதை வந்தது.

என் முக்கிய வேலை கண்ணாடி துடைப்பது. தொட்டிக்குள்ளே முக்குளித்துத் தேய்க்க ஆள் இருக்கிறார்கள். வெளிப்பக்கம் என்னுடையது. குழந்தைகள் மூக்கை அழுத்திவிட்டுப் போன இடம், ஐஸ்கிரீம் கை பட்ட இடம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுத்ததில் தலை எண்ணெய் ஒட்டிய இடம். ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்கவேண்டும்.

நுழைந்ததும் வெளிநாட்டு மீன்கள். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று பட்டுப்புடவைக் கடை மாதிரி இருக்கும். அப்புறம் குகை மாதிரி ஒரு வழி. தலைக்கு மேலே மீன் போகும். ஜனம் அங்கேதான் நிற்கும். எல்லாம் முடிந்து, வெளியே போகிற வாசலுக்கு முன்னால், நம்ம கடற்கரை என்று போர்டு போட்ட கடைசிக் கூடம். அதில்தான் நம் பக்கத்து ஜீவன்கள். கோவளம் பக்கம் கரைவலையில் மாட்டியவை. ஒரு சின்னத் தொட்டியில் நண்டுகள், இன்னொன்றில் கடல் அட்டை, பாறைச் சந்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும், பாம்பு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன். நடுவில் மணல் போட்ட அகலமான தொட்டி. அதில் பேத்தை, கீச்சான் மீன்கள், இரண்டு திருக்கைகள்.

அந்தக் கூடத்தில் நின்று பார்க்கிறவர்கள் குறைவு. பாதிப் பேர் செல்போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விடுவார்கள். ஒரு நாள் ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, அந்தப் பெரிய தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"இதுக்கு இன்னாத்துக்குமா டிக்கெட்டு? மார்க்கெட்டுல ஐஸ் மேல சும்மா படுத்துகினு கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. துடைக்கிற துணியோடேயே திரும்பினேன். "அங்க அது உங்கள பாக்காது சார். இங்க பாக்குது. ரெண்டு நிமிஷம் நின்னுதான் பாருங்களேன்" என்றேன். அவர் பெண்டாட்டி சிரித்துவிட்டார். அவரும் நின்றார். கால் மணி நேரம் நின்றார்.

நானும் மீன் சாப்பிடுகிறவள்தான், மறைக்க ஒன்றும் இல்லை. புரட்டாசியில் மட்டும் வீட்டில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஆனால் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து திருக்கை மட்டும் வாங்குவதில்லை. அந்த இரண்டில் பெரியது, நான் துணியை இடமிருந்து வலமாக இழுத்தால் அதுவும் கூடவே இடமிருந்து வலமாக வரும். வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அடியில் இருக்கிற வாயைத் திறந்து மூடிக்கொண்டு வரும். பார்த்தால் சிரிக்கிற முகம் மாதிரியே இருக்கும். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஒரு ஜீவனை ஆண்டவன் இப்படி ஒரு தட்டு மாதிரி படைத்து, அதற்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்திருக்கிறானே என்று நினைத்துக்கொள்வேன்.

பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் அதை வைத்து என்னைக் கிண்டல் பண்ணுவார். பெருங்களத்தூரிலிருந்து வருகிறவர், மோட்டார் வேலை தெரிந்தவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யாருக்கு வயது கூட என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை.

"அக்கா, அது மீனு. சாமி இல்ல" என்பார்.

"தெரியும் அண்ணா. கும்புடறது சாமியத்தான். அது நடுவுல நிக்குது, அவ்ளோதான்" என்பேன்.

ஆயுத பூஜை வந்தது. அக்வேரியத்தில் அன்றைக்கு லீவு கிடையாது. லீவு நாளில்தான் கூட்டமே. ஆனால் காலையில் திறப்பதற்கு முன் பூஜை உண்டு. பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் மேனேஜரே வாங்கி வரச் சொல்லியிருந்தார். சந்தனம் குழைத்து மிஷின்களுக்குப் பொட்டு வைப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மாதிரி வேலைக்கு எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நான் தினமும் விபூதி வைத்துக்கொண்டு வருகிறவள் என்பதால்.

துணிக் கம்பெனியில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது. கரெண்டை நிறுத்தி, எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, துணி போட்டு மூடிவிடவேண்டும். மறுநாள் காலை வரை அதை யாரும் தொடக்கூடாது. வருஷமெல்லாம் உழைத்தது ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று. அந்தப் பழக்கத்தை நான் இங்கேயும் கொண்டுவந்தேன். இங்கே நாள் முழுக்க நிறுத்த முடியாது என்று எனக்கும் தெரியும். பொட்டு வைக்கிற ரெண்டு நிமிஷமாவது நிறுத்துங்கள் அண்ணா என்று நான்தான் சொன்னேன். அவரும் சரியென்றார்.

பம்ப் ரூமில் மூன்று பெரிய மோட்டார். ஒவ்வொன்றாக நிறுத்தினார், பொட்டு வைத்தேன், மறுபடி ஓட்டினார். நாலாவது பம்ப் தனியாக இருந்தது. கடைசிக் கூடம் பிறகு சேர்த்துக் கட்டியது என்பதால், மணல் தொட்டிக்கான மோட்டார் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தண்ணீர் சுற்றுவதும் காற்றுக் குமிழி வருவதும் அந்த ஒரே ஸ்விட்சில். மற்ற மூன்றும் நின்றால் மணி அடிக்கும். இதற்கு மணி வைத்திருக்கவில்லை. அவர் ஸ்விட்சை அணைத்தார். நான் சந்தனத்தைத் தடவிக் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியைச் சுற்றினேன். அந்த நேரம் பார்த்து, பூசணிக்காய் உடைக்கப் போகிறோம், போட்டோ எடுக்கவேண்டும், எல்லாரும் வாசலுக்கு வாருங்கள் என்று மேனேஜர் கத்தினார். இரண்டு பேரும் ஓடினோம். போட்டோவில் நானும் இருக்கிறேன், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன்.

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனம் அலைமோதியது. நான் முன்பக்கம் சிந்திய பொரியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடைசிக் கூடத்துக்கு நான் போனபோது மதியம் தாண்டிவிட்டது. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அம்மா, அது ஏன் மல்லாக்க படுத்துக்கினு இருக்கு?"

தொட்டியில் குமிழி இல்லை. கீச்சான்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பெரிய திருக்கை மணலில் மல்லாந்து கிடந்தது. அந்தச் சிரிப்பு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் படிக்கு அடியில் ஓடினேன். சத்தமே இல்லை. நம்ப முடியாமல் மோட்டார் மேல் கையை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. நான் அப்பி வைத்திருந்த சந்தனம் ஈரமாகவே இருந்தது, என் உள்ளங்கை முழுசாக அதில் பதிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது. பம்ப் ரூம்காரர் ஓடிவந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். சின்னத் திருக்கை பிழைத்தது. பேத்தை பிழைத்தது. கீச்சானில் சில போயின. பெரியதை வலைத்துணியில் தூக்கிக்கொண்டு போகும்போது, தண்ணீரில் ஒரு சாமந்தி இதழ் மிதந்ததை யாரோ பார்த்து மேனேஜரிடம் சொன்னார்கள்.

அந்த இதழைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் அந்தக் காகிதம். டிக்கெட் கவுன்ட்டர் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் காலேஜ் முடித்தவள். தயங்கித் தயங்கி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். என்னுடைய மூடநம்பிக்கையால், அனுமதி இல்லாமல், பூவும் குங்குமமும் தொட்டித் தண்ணீரில் கலக்கும்படி செய்தேன். அதனால் தண்ணீர் கெட்டு மீன் இறந்தது. அதற்கு நானே முழுப் பொறுப்பு. இவ்வளவும் நான் சொன்ன மாதிரி எழுதியிருந்தது. பம்ப் நின்ற கதை அதில் இல்லை. பூசணிக்காய் இல்லை, போட்டோ இல்லை. பம்ப் ரூம்காரர் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டால் அதோடு முடிந்தது, சம்பளத்தில் கை வைக்கமாட்டோம், மேலிடத்துக்கு ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் மேனேஜர். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம் என்னோட வாங்க சார்" என்று சொல்லி நடந்தேன். என்ன தோன்றியதோ, பின்னாலேயே வந்தார். முதலில் பம்ப் ரூம். மூன்று மோட்டாரிலும் நான் வைத்த சந்தனம் சூட்டில் சுருண்டு, பொருக்குப் பொருக்காகக் கீழே கொட்டிக் கிடந்தது. அடுத்து மாடிப்படி அடியில். அந்த மோட்டாரும் ராத்திரி பூராவும் ஓடியதில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சடித்தது போல இருந்தன. நான் என் கையை அதன் மேல் ஒரு இஞ்ச் தள்ளி நீட்டிக் காட்டினேன். சூடு அடித்தது.

"இது நேத்து மத்தியானம் என் கை பதிஞ்சது சார். ஓடற மோட்டார்ல இப்படி அழுத்திக் கைய வெக்க முடியுமா? நீங்க வெச்சுப் பாருங்க."

அவர் வைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கை அச்சைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரிக்கா. பம்ப் நின்னுது. எதுக்காக நிறுத்துனீங்க? பொட்டு வெக்கத்தானே?"

அது உண்மை. நாளைக்கு வரும்போது அந்தக் காகிதத்தைக் கையெழுத்தோடு கொண்டு வாங்க, இல்லையென்றால் கான்ட்ராக்ட்காரரிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். துணி தைக்கிற மிஷின் ஒரு நாள் ஓய்வெடுத்தால் துணி செத்துப்போகாது. இங்கே மிஷின்தான் மூச்சு. அது எனக்கு உறைக்கவில்லை. மூச்சை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பொட்டு வைத்திருக்கிறேன். சீட்டிலிருந்து எழ முடியாமல் அழுதேன். என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தேன். வழியில் அம்மன் கோவிலில் நின்றேன். வேலை போகக்கூடாது என்று வேண்டவில்லை. நான் செய்தது எது, செய்யாதது எது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் புத்தி கொடு என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு வா, இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்றார்.

"உன் சாமியத் திட்டி எழுதிட்டு, கீழ உன் பேரப் போடச் சொன்னா போடுவியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே டீ போட்டு, எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் ஆபீஸில் அந்தக் காகிதத்தை மடித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, கவுன்ட்டர் பெண்ணிடம் ஒரு வெள்ளைப் பேப்பர் வாங்கினேன். நின்றுகொண்டே தமிழில் எழுதினேன். எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

பூஜைக்காக மணல் தொட்டி பம்ப்பை நிறுத்தச் சொன்னது நான். மறுபடி ஓடுகிறதா என்று பார்க்காமல் போனது என் தப்பு. அந்தத் தப்பால் திருக்கை இறந்தது. அதற்காக நான் வருத்தப்படாத நேரம் இல்லை. பூ ஒரு இதழ் விழுந்திருக்கலாம். குங்குமம் தண்ணீரில் விழவில்லை. பொட்டு மீனைக் கொல்லவில்லை, மறதி கொன்றது. பூசணிக்காய் உடைக்கவும் போட்டோவுக்கும் கூப்பிட்டதால் போனேன்.

இன்னொருவர் பெயரை நான் எழுதவில்லை. ஸ்விட்சை அணைத்த கை யாருடையது என்று எழுதினால், என் பழியை அவர் தலையில் இறக்கிவைத்த மாதிரி ஆகும். இவர்கள் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யவேண்டுமா?

மேனேஜர் படித்தார். கடைசியில் இருக்கிற பூசணிக்காய் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார்.

"இருந்தா எல்லாம் இருக்கட்டும் சார். இல்லன்னா ஒண்ணும் வேணாம்."

"மேல இருக்கறவங்க இத ஒத்துக்க மாட்டாங்கக்கா."

"நீங்க எழுதுனத நான் ஒத்துக்கலியே. அவங்க ஒத்துக்காட்டியும் நடந்தது இதுதான்."

தமிழில், என் முழுப் பெயரும் புரியும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் நம்பிக்கை என்னுடையது. என் மறதியும் என்னுடையது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கி எழுத, எவ்வளவு படித்தவருக்கும் உரிமை இல்லை.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டு டாய்லெட் பக்கம் போட்டார்கள். மீன் கூடங்களுக்குள் எனக்கு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அதனால் என் வார லீவு நாளில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கி, முன்வாசல் வழியாக உள்ளே போனேன். கவுன்ட்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பட்டுப்புடவைக் கடை மீன்களை எல்லாம் தாண்டிப் போய், மணல் தொட்டி முன்னால் நின்றேன். சின்னத் திருக்கை கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் யாரோ எண்ணெய்க் கை வைத்திருந்தார்கள். முந்தானையால் துடைத்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார், போய்விட்டார். மாதம் ஒரு தடவை இப்போதும் போகிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பூஜை வாசலில் மட்டும். எந்த மிஷினையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. எதன் மேலும் எதுவும் பூசக்கூடாது. அதில் பாதி சரி. என்னைக் கேட்டிருந்தால் மிஷினை நிறுத்தக்கூடாது என்பதை நானே முதல் வரியாக எழுதியிருப்பேன். மாடிப்படி மோட்டாருக்கு மணி வைத்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நல்லது.

ஆனால் என் ஆயுதம் என்னுடையது. காலையில் சீக்கிரமாகவே வந்து, மாப், வாளி, பிரஷ், வைப்பர் எல்லாவற்றையும் கழுவி, டாய்லெட்டுக்கு வெளியே சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். ஒவ்வொன்றின் கட்டையிலும் சந்தனம், குங்குமம். வாளிக்கு ஒரு துண்டு சாமந்தி. சூடம் ஏற்றக்கூடாது என்பதால் வெறும் கையால் கும்பிட்டேன்.

பம்ப் ரூம்காரர் வந்து நின்றார். ஒரு வருஷமாக என் கண்ணைப் பார்த்துப் பேசாதவர்.

"அக்கா, அன்னிக்கு நான் வாயத் தொறக்கல" என்றார்.

"ஆமா, தொறக்கல" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து என் முன்னால் நீட்டினார். நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மொதல்ல படிக்கு அடியில போய் மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வாங்க அண்ணா."

"ஓடிகினுதான்கா கீது. இப்பதான் பாத்தேன்."

"இன்னொரு தடவ பாருங்க. கைய வெச்சுப் பாருங்க."

போனார். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிவந்திருந்தது. "சுடுதுக்கா" என்றார்.

அப்புறம்தான் ஸ்பேனருக்குப் பொட்டு வைத்தேன். அந்த நேரம் மேனேஜர் வராந்தாவில் வந்தார். நோட்டீஸ் ஒட்டின கை அவருடையது. சுவரோரம் வரிசையைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தை மறைக்கவில்லை. வாசல் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. என் ஆயுதத்துக்கும் அன்றைக்கு ஓய்வு இல்லை. பொட்டு வைத்த கட்டையைப் பிடித்து, மாப்பைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அவர் முன்னாலேயே தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.